சிவப்புக் கட்டத்தில் தாய்மாமன்

அத்தை,

இன்று காலை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மூலைகளில் தடவிய மஞ்சள் இன்னும் காயவில்லை, தொட்டவுடன் விரலில் ஒட்டிக்கொண்டது. கொண்டுவந்தவர் அப்பாவுக்குத் தூரத்துப் பங்காளி. தட்டை நீட்டிக்கொண்டே, "மெயின் ரோட்டுல மொத வீடு உங்க வீடுதான், அதான் இங்கேருந்தே ஆரம்பிச்சுட்டோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அம்மா முறைத்தாள். அந்த மனுஷன், பாவம், சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அவர் போனபிறகு விரலை மோந்து பார்த்தேன். மஞ்சள் வாசனையில் நீதான் வந்து நின்றாய்.

உன்னை 'நீ' என்று கூப்பிட்டதற்கு அப்பாவிடம் நான் வாங்காத குட்டு இல்லை. "விடுண்ணே, நீங்கன்னு கூப்புட்டா நான் கெழவியாயிடுவேன்" என்பாய். அதனால் இங்கேயும் நீதான்.

நீ எம்.பி.ஏ. சேர்ந்ததும் நான் என்ஜினியரிங்கை உதறிவிட்டு ஊருக்கு வந்ததும் ஒரே சமயம். "போவ வேண்டிய வயசுல இவன் வந்துட்டான், வர வேண்டிய வயசுல இவ போறா" என்று அப்பா வாசலில் நின்று புலம்பினார். நீ போனதற்குக் காரணம் இருந்தது. வாய்க்கால் பாலமும் மதகும் கட்டுகிற கம்பெனியில் வருஷக்கணக்காக நீ சைட் என்ஜினியர். ஒவ்வொரு புது வேலைக்கும் வெளியூரிலிருந்து ஒரு பையன் புராஜெக்ட் மேனேஜராக வந்து இறங்குவான். எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உன்னைக் கேட்டுவிட்டு, உனக்கே உத்தரவு போடுவான். நீ முதலாளியிடம் சண்டைக்குப் போனாய். "டெண்டர்ல அந்தப் பட்டத்தக் கேக்குறாங்கம்மா. புராஜெக்ட் மேனேஜ்மெண்ட்ல எம்.பி.ஏ. முடிச்சுட்டு வா, அடுத்த பாலம் ஒனக்குத்தான்" என்றார் அவர். நாற்பது தாண்டிய நீ சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூரில் பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். சும்மா இருந்த நான் உனக்கு பைக் டிரைவர்.

நீ படித்ததெல்லாம் பைக்கில்தான். பின்னால் உட்கார்ந்து காற்றுக்கு மேல் கத்திப் படிப்பாய். நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் கத்துவேன்.

"கிரிட்டிகல் பாத்னா என்னடா மருமவனே?"

"எது லேட்டானா எல்லாமே லேட்டாவுமோ, அது."

"இவ்ளோ தெளிவா இருக்குற, அப்பறம் ஏன்டா படிப்ப விட்ட?"

"அது லேட்டானா ஒன்னும் ஆவாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

முதுகில் புத்தகத்தாலேயே ஒன்று விழும். அறை வாங்கினாலும் எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடித்திருந்தன. கல்லூரியில் தூங்கி வழிந்த பாடம் ரோட்டில் எப்படிப் புரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசிப் பருவத்தில்தான் சிக்கல். உண்மையான ஒரு வேலையைத் திட்டம் போட்டு, நடத்தி முடித்து, திட்டத்துக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிக்கையாக எழுத வேண்டும். கம்பெனி தன் கணக்குவழக்கை வெளியே விட மாட்டேன் என்றது. நீ அசரவில்லை. என் அண்ணன் மகள் யாழினியின் காதணி விழா வரவிருந்தது. அண்ணனும் அண்ணியும் சிங்கப்பூரில், விழாவை ஒட்டித்தான் வருவார்கள். "இதான் என் புராஜெக்ட்" என்று சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தாய்.

"காது குத்துறதுக்கு எம்.பி.ஏ.வா? ஆசாரி என்ன படிச்சுருக்கான்னு கேட்டியா?" என்றார் அப்பா.

தாள்களை ஒட்டி ஒட்டி கூடத்துச் சுவர் முழுக்க ஒரு சார்ட் தொங்கவிட்டாய். பந்தல், சமையல், மேளம் என்று கட்டங்கள். எது நகர்ந்தால் விழாவே நகருமோ அதற்கெல்லாம் சிவப்பு. அதில் ஆகப் பெரிய சிவப்புக் கட்டம் 'தாய்மாமன் மடி'. அவர் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்! என்னென்ன தப்பாகப் போகலாம் என்று தனியாக ஒரு பட்டியல். மழை, கரண்ட், சமையல்காரர் போதையில் வருவது. கடைசியைச் சொன்னது நான். சிரித்துக்கொண்டே எழுதினாய்.

பத்திரிகை வைப்பதற்கும் வழி போட்டாய். குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, நம்மூர், ஒரத்தநாடு, அப்படியே ரோட்டைப் பிடித்து, கடைசியில் பட்டுக்கோட்டை. ஒரு தெருவுக்கு இரண்டாம் முறை போக வேண்டாம், பெட்ரோல் மிச்சம். அண்ணியின் அண்ணன் செல்வம், அதாவது யாழினியின் தாய்மாமன், தேங்காய் மண்டி வைத்திருப்பது பட்டுக்கோட்டையில். நான் பைக் ஓட்ட, நீ தட்டைப் பிடித்தபடி பின்னால். ஒரத்தநாட்டில் இருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"தாய்மாமனுக்கு மொத வெச்சாச்சுல்ல?"

"அவரு கடைசி அண்ணி. ரூட்டு அப்புடி."

 "அடிப்பாவி" என்றாள் அம்மா.

நாம் போய்ச் சேர்வதற்குள் ஒரத்தநாட்டிலிருந்து யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். செல்வம் எழுந்து கும்பிட்டார். நாற்காலி போட்டார். இளநீர் வெட்டித் தரச் சொன்னார்.

"வாங்க சின்னம்மா, உக்காருங்க. எளநி குடிங்க. பத்திரிகைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

"தம்பி, ஒரு நிமிஷம்..."

"ஊருக்கெல்லாம் குடுத்துட்டு மிச்சம் இருந்துச்சாக்கும்? மடிக்குத்தானே ஆள் வேணும், வழியில பாத்தவங்க யாராச்சும் ஒக்காருவாங்க."

திரும்பும் வழியில் நீ தட்டை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாய். எனக்கும் பயம்தான். அவர் வராவிட்டால் விழா இல்லை. விழா தள்ளிப்போனால் அறிக்கைக்குக் கொடுத்த நாள் போய்விடும். அறிக்கை போனால் அடுத்த பாலத்துக்கு இன்னொரு பையன் வந்து இறங்குவான். பாதி வழியில் நீ திடீரென்று, "மழைய எழுதுனேன், கரண்ட எழுதுனேன், என்னைய எழுத மறந்துட்டேன்டா" என்று சொல்லிச் சிரித்தாய். அழுகை போலவும் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் யோசனையைச் சொன்னேன். "நடந்த மாதிரி எழுதிடு. எவன் வந்து யாழினி காதப் பாக்கப் போறான்?"

"நாளைக்குப் பாலத்தையும் கட்டுன மாதிரி எழுதவா?"



மறுநாள் சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாய். மண்டியின் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் தேங்காய் வைத்தாய். கூலியாட்கள்கூட வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"தம்பி, பந்தல் இல்லன்னா மரத்தடி இருக்கு. சமையக்காரர் வரலன்னா ஓட்டல் இருக்கு. இந்தச் செகப்புக் கட்டம் பாருங்க, இது நீங்க. இதுக்கு மாத்து ஒன்னும் போடல, ஏன்னா கெடையாது."

அவர் குனிந்து பார்த்தார். "இவ்ளோ பெரிய கட்டத்தப் போட்டுட்டு, கடைசி வீடா வந்தீங்க?"

"ரோட்டப் பாத்தேன் தம்பி. ஆளப் பாக்கல. தப்புதான்."

செல்வம் விரலால் கோடுகளைத் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இது என்னா? மாமன் சீர், அரை மணி நேரமா? எனக்கா?"

"ரோட்டுலேருந்து பந்தலுக்கு அவ்ளோ தூரம்தானே..."

"சின்னம்மா, நான் மேளத்தோட வருவேன். வெடி வெடிப்பேன். எங்க பசங்க ஆடாம ஒரு அடி எடுத்து வெக்க மாட்டானுங்க. இழுங்க கட்டத்த!"

நீ பேனாவை எடுப்பதற்குள், தேங்காய் மூட்டையில் எண் போடும் மார்க்கரை வாங்கி அவரே இழுத்தார். சமையலைத் தாண்டி, பந்தியைத் தாண்டி, சாயங்காலம் வரைக்கும் போனது கோடு. நிமிர்ந்து, "பத்திரிகைய இன்னிக்கு வாங்க மாட்டேன். நாளைக்கு உங்க அண்ணனக் கூட்டிக்கிட்டு, வழியில ஒரு வீட்டுலயும் எறங்காம நேரா இங்க வாங்க" என்றார். அடுத்த நாள் அப்பா காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, தெரிந்தவர் யாராவது கைகாட்டிவிடப் போகிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விழாவன்று அவர் இழுத்த கோடும் போதவில்லை. பந்தலில் பாதிப் பேர் பசியில் சுருண்டுவிட்டார்கள். யாழினி அவர் மடியில் உட்கார்ந்து அலறி, கையைக் கடித்தும் வைத்தாள். கடிபட்ட கையோடு அவர் சிரித்தார். நீ பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாய். எவ்வளவு தாமதமானதோ அவ்வளவு சந்தோஷம் உன் முகத்தில்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தச் சார்ட்டைப் பார்த்து, "இது யாரும்மா கிறுக்குனது?" என்று கேட்டாராம். "அவருதான் சார் புராஜெக்ட்" என்றாயாம். வெளியே வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். முதலாளி வாக்குத் தவறவில்லை. உன் முதல் பாலத்துக்குக் கம்பி வந்து இறங்குமுன், யார் வயல் வழியாக லாரி போக வேண்டுமோ அவர் வீட்டுக்கு நீயே நடந்து போனாய். நானும் வந்தேன். மோர் கொடுத்தார்கள்.

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. அதை எழுத எனக்கு வராது. பாலம் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இப்போது அறுவடை மெஷினுக்கு வயல் பிடித்துக் கொடுக்கிறேன். யார் வயலுக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்பதுதான் முழு வேலையும். பக்கத்து வயல் என்று நேராக மெஷினை ஓட்டிக்கொண்டு போவதில்லை. யார் ஆற்றாமையோடு வரப்பில் நிற்கிறார் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறேன். அதனால் சண்டை கொஞ்சம் குறைவு. டீசல்தான் கூட.

இன்னொரு விஷயம். உன் கம்பெனிக்குப் போய் வேலை கேட்டேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்து, "பட்டம் வேணும் தம்பி" என்றார். உனக்குச் சொன்ன அதே குரல். போன வாரம் தபால் வழியில் ஒரு பட்டப்படிப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். அதை முடித்தால் அடுத்து உன் கோர்ஸ்தான். முடிப்பேனா என்று கேட்காதே, சேர்ந்துவிட்டேன்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவர்களிடம் போகிறேன். எனக்கு ஏன் கடைசியில் சொன்னாய் என்று அப்பா குதிப்பார். குதிக்கட்டும், இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொள்கிறேன்.

உன் மருமகன்