பந்து வீசுகிற கை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று பள்ளி ஆண்டு விழாவில் உன்னைப் பாராட்டினார்கள். மாநில பேஸ்பால் போட்டியில் உன் பந்தைத் தொடமுடியாமல் எதிரணிப் பிள்ளைகள் திணறியதை பி.டி. டீச்சர் சொன்னபோது ஒரே கைதட்டல். நீ திருப்பூர் மில்லுக்குப் போய்விட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை.

உனக்குப் பதிலாக அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி, பந்து பிடிக்கிற புது கிளவுஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். அம்மா அதை வலது கையில் மாட்டப் பார்த்தாள்.

"அத்தை, இடது கையில மாட்டுங்க!" என்று உன் டீம் பிள்ளைகள் கத்தினார்கள்.

"அப்ப இந்தக் கைக்கு என்ன சோலி?"

"பந்து எறியணும்ல!"

"நான் கேரட்டுப் பிடுங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவோடு மேடையை விட்டு இறங்கும்போது டீச்சர் என்னிடம், "வெள்ளிக்கிழமை திண்டுக்கல்ல காலேஜ் செலக்சன். இத விட்டா சீட்டு கெடைக்காது. அவளக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

அக்கா பி.எட். முடிக்கட்டும் என்றுதானே போனாய். முடித்துவிட்டேன். பள்ளிக்கூட வேலைதான் வரவில்லை. வரும்வரை உன் சம்பளத்துக்குப் பதிலாக நான் மன்னவனூரில் கூலிக்குக் கேரட் கழுவப் போகிறேன். நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

காலையில் அம்மா அந்த கிளவுஸை மாட்டிக்கொண்டு சோற்றுப் பானையை இறக்கப் போனாள். இந்த முறை சரியாக இடது கையில்தான் மாட்டியிருந்தாள். பிடுங்கி உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் காப்பாற்ற முடியாது. வியாழக்கிழமை வெள்ளனே பஸ் ஏறிவிடு.

உன் அக்கா