படிச்சேன் என்று ஒரு போன்

அக்கா,

மணப்பாறையிலிருந்து வந்த முறுக்குப் பாக்கெட்டை ஜெனிபர் கொஞ்ச நேரம் முன்புதான் என் மேஜையில் வைத்து வாயைக் கத்தரித்தாள். ஓமமும் எள்ளும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. நீங்கள் இருந்திருந்தால் முதல் முறுக்கைக் காதருகே வைத்து ஒடித்துப் பார்த்திருப்பீர்கள். "சத்தம் நன்னாருக்கு, இனிமே ருசி பாக்கலாம்" என்பீர்கள். அந்த வாசனையோடு ஒரு பழைய சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். இருந்தபோது மட்டும் எங்கே பதில் சொன்னீர்கள்?

தில்லைநகர் மாடியில் நாம் இந்த மக்கள் தொடர்பு அலுவலகத்தைத் தொடங்கியபோது, நீங்கள் ஒரு தொழிற்சாலையில் அந்த வேலையையே பார்த்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். நான் லால்குடியிலிருந்து வந்து ஒரு விளம்பரக் கம்பெனியில் குப்பை கொட்டியவன். காலையில் கோயிலில் சேவித்துவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, கக்கத்தில் அத்தனை பேப்பரையும் இடுக்கிக்கொண்டு வருவீர்கள். நம் வாடிக்கையாளர் யாரையாவது ஒரு பேப்பர் கிழித்திருந்தால் எனக்குக் கை பரபரக்கும். மறுப்பு அறிக்கை எழுத உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் நிதானமாக எழுந்து, அந்தச் செய்தியை எழுதிய நிருபருக்குப் போன் போடுவீர்கள்.

"படிச்சேன்."

அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, வருத்தம் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னக்கா, நல்லா நாலு வார்த்தை கேக்கலாம்ல? கேக்காம எதுக்குப் போன் பண்றீங்க?"

"படிச்சேன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் வேணுமாடா?" என்று சிரிப்பீர்கள்.

அதை ஒரு மிரட்டல் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பட்டுத் துணியில் சுற்றிய மிரட்டல். ஒரு நிருபர் டீக்கடையில் என்னிடம், "உங்க அக்கா போன் வந்தா எனக்கு வேர்த்துடும் சார்" என்று சொன்னதும் அது உறுதியாகிவிட்டது. அந்தக் காலத்து ஆட்களின் சாமர்த்தியம் என்று மெச்சிக்கொண்டேன்.

இப்போது முறுக்குக்கு வருகிறேன். தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஸ்ரீரங்கத்தில் ஒரு அம்மா நம் வாடிக்கையாளரான மணப்பாறை முறுக்குக் கம்பெனி முதலாளியின் பாக்கெட்டைக் கையில் பிடித்து, எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிறது என்று போனில் வீடியோ போட்டுவிட்டார். அது ஊரெல்லாம் சுற்றியது. முதலாளி போனில் கத்தினார்: "வக்கீல் நோட்டீஸ் விடுங்க சார்! பண்டிகை யாவாரம் போச்சுன்னா நான் அடுப்பை அணைச்சுட்டுப் போக வேண்டியதுதான்." அடுப்பை அணைத்தால் அதை நம்பி மாவு பிசையும் பெண்கள் எல்லோருக்கும் வேலை போகும். நமக்கும் இன்று பெரிய வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். நான் வழக்கம்போல், 'எங்கள் நிறுவனம் பாரம்பரியமாக' என்று ஆரம்பித்து அறிக்கை எழுதினேன்.

இரண்டாவது பத்தி முடிவதற்குள் ஜெனிபர் அந்த வீடியோவுக்குக் கீழே, கம்பெனியின் பெயரிலேயே பதில் போட்டுவிட்டாள்: 'பாத்துட்டோம்ங்க. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நாளைக்கு நேர்ல வர்றோம்.'

ஜெனிபர் உங்களுக்குப் பிறகு சேர்ந்தவள், காட்டூர்ப் பெண். உங்களைப் பார்த்ததில்லை. அன்று நான் அவளைப் பார்த்துக் குதித்தேன்.

"யாரைக் கேட்டுப் போட்ட? நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே!"

"ஒத்துக்கல சார். பாத்துட்டோம்னுதான் போட்டேன். நீங்க அறிக்கை எழுதி முடிக்கறதுக்குள்ள, இவங்க கண்டுக்கவே இல்லன்னு ஊரே சொல்லிடும்."

மறுநாள் போனோம். அந்த அம்மா பாக்கெட்டை நீட்டினார். ஒரு கடி கடித்தேன். சிக்குதான், சந்தேகமே இல்லை. அதை அப்படியே மணப்பாறைக்குக் கொண்டுபோய் முதலாளியின் கையில் கொடுத்தோம். ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்தார். பிறகு, 'உள்ளதைச் சொல்லுங்க' என்று ஜெனிபர் வீடியோ எடுக்க நீட்டிய போனைப் பார்த்து, "எண்ணெய் மாத்தாம போட்டிருக்காங்க. எங்க தப்புதாங்க. அந்தச் சரக்கு எல்லாத்தையும் கடையிலேர்ந்து திருப்பி எடுத்துக்கறோம்" என்றார். நான் மட்டும் தனியாகப் போயிருந்தால் செத்தாலும் அவரை அப்படிப் பேச விட்டிருக்க மாட்டேன். அவள் அதை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே போட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் போன் கதையை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"சார், அது ப்ளூ டிக்! படிச்சாச்சுன்னு காட்றது. இதுக்குப் போயா இத்தனை வருஷம் மண்டைய உடைச்சுக்கிட்டீங்க?" கொஞ்ச தூரம் போனதும் திரும்பிக் கேட்டாள்: "ஆமா, சொன்ன உடனே போனை வச்சுடுவாங்களா?"

அக்கா, அதை நான் யோசித்ததே இல்லை. வைக்க மாட்டீர்கள். ரிசீவரைக் காதில் வைத்தபடி, இன்னொரு கையால் மேஜையில் சிந்திய காபியில் கோலம் இழுத்துக்கொண்டு இருப்பீர்கள். அந்தப் பக்கம் ஏதோ பேச்சு ஓடும். இந்தப் பக்கம் ஒரு 'ம்' கூட இருக்காது. எதிராளியைத் தவிக்கவிடுகிறீர்கள் என்று நினைத்து எனக்கு உள்ளூரக் குஷியாக இருக்கும்.

"அப்ப அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கத்தான் வெயிட் பண்ணியிருக்காங்க" என்றாள் ஜெனிபர், எனக்கு அது தெரியாதா என்பதுபோல்.

இன்று காலை ஒரு உள்ளூர்ச் செய்தித் தளத்தில், முறுக்கு முதலாளியின் வீடியோ தீபாவளி விற்பனைக்கான நாடகம், திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்ன சரக்கு இன்னும் கடைகளில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். முதலாளி புதுச் சரக்கில் ஒரு பாக்கெட்டை ஆள் மூலம் அனுப்பிவிட்டுப் போன் செய்தார். "உண்மையைச் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். இதுக்கு இன்னிக்கே ஒரு வழி பண்ணலன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன் சார்" என்றார். நோட்டீஸ் அனுப்பலாம் என்று என் கை பரபரத்தது. "விடுங்க சார், நாளைக்கு ஜனங்க வேற எதையாவது பாக்கப் போயிடுவாங்க" என்றாள் ஜெனிபர். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. வாசனை வேறு மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. எழுதிய பையனின் எண்ணைத் தேடி எடுத்துப் போட்டேன்.

"முறுக்குச் செய்தி படிச்சேன்" என்றேன். பெயரையும் அலுவலகத்தையும் சொன்னேன். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டம் அக்கா அது! நாக்கு நுனியில் ஒரு அறிக்கையே நிற்கிறது. ஜெனிபர் முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க சார்" என்றான். நான் சொல்லவில்லை. "கேஸ் போடப் போறீங்களா சார்?" என்றான். அதற்கும் சும்மா இருந்தேன். பிறகு அவன் குரல் இறங்கியது. "கடைக்கெல்லாம் நான் போய்ப் பாக்கல சார். ஒருத்தர் சொன்னதை வச்சு எழுதிட்டேன். இன்னிக்குப் போய்ப் பாத்துட்டு, திருத்தணும்னா திருத்திடறேன்."

"பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவன் போய்ப் பார்த்தால் என்ன எழுதுவான் என்று தெரியாது. ஏதாவது ஒரு கடையில் பழைய சரக்கு இருந்தாலும் இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அவன் பார்த்து எழுதுவதைப் படிக்க ஆசையாக இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்கு அப்படி ஒரு ஆசை வந்ததே இல்லை.

இதற்காகத்தான் காத்திருந்தீர்களா, அக்கா? ஒவ்வொரு தடவையும்?

ஜெனிபர் ஒரு முறுக்கை என்னிடம் நீட்டினாள். நான் அதைக் காதருகே கொண்டுபோனேன்.