நீ மாற்றி வாசித்த முடிவு

மச்சாள்,

சொந்தம் என்று எதுவும் இல்லாமலே இத்தனை வருடமும் உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம், ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளை சீருடைக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். கையில் அந்தப் புத்தகம். அட்டையில் மதிலோடு சாத்திய இரண்டு சைக்கிள்கள். நான் பார்ப்பதைக் கண்டு, "அன்ரி, நீங்களும் வாசிச்சதா? கடைசி சரியான கவலை, என்ன?" என்றாள்.

பள்ளிக்கூடம் தொடங்கப் போகிற நேரம் நம் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மேசை நிறைய வெள்ளைத் துணி, காலையில் குனிந்த தலை நிமிரவில்லை. அந்தக் களைப்பில், "எந்தக் கடைசி?" என்று கேட்டுவிட்டேன்.

பிள்ளை விழித்தாள். மூலையில் தைத்துக்கொண்டிருந்த சுபைதா தலையைத் தூக்காமலே சொன்னாள். "ரெண்டு கடைசி இரிக்கி மகள். நல்லது வேணுமெண்டா எனக்கிட்டக் கேளுங்க."

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ரெஜினா அக்காவின் கை மட்டும் கொஞ்சம் நின்றது. பிள்ளை போனபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. உன் குரல் கடைக்குள் எங்கேயோ கேட்பது போலவே இருந்தது.

மூன்று நாலு வருடத்துக்கு முன் உனக்குச் சிக்குன்குன்யா வந்ததே, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. காய்ச்சல் விட்டது, மூட்டு வலி விடவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல் மடங்காது. வீட்டில் இருந்து ஓய்வெடு என்று எத்தனை தரம் சொன்னேன்! "சும்மா இருந்தா விசர் புடிச்சிரும் கா. நான் ஏதாச்சும் வாசிக்கிறன், நீங்க தையுங்க" என்று வந்து கதிரையில் குந்திக்கொண்டாய். முதலில் பத்திரிகை வாசித்தாய். மரண அறிவித்தல் வரைக்கும் முடிந்த பிறகு, உன் தம்பியின் மகள் தந்தாள் என்று அந்த நாவலைக் கொண்டுவந்தாய்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ரியூசன் வகுப்பில் ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் பழகுகிறார்கள். பெடியனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று பாதியில் தெரிய வருகிறது. அவள் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய், வகுப்பில் நடந்த பாடத்தைக் கட்டில் பக்கத்தில் இருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

சுபைதாவுக்கு அது உயிராகிப் போனது. ஏறாவூரிலிருந்து வருகிற பஸ் பிந்தினால், "நான் வராம வாசிச்சிராதீங்க" என்று போன் எடுப்பாள். எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதற்கே நாலு அத்தியாயம் போனது. எழுதின மனிசருக்கு வேறு வேலை இல்லையா என்று ஏசினேன். நீ கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "நீ அழப் பயப்பிடுறாய். அதான் புத்தகத்துக்கு ஏசுறாய்" என்றாய். அழுவதற்கு எனக்கு எங்கே நேரம் இருந்தது? கட்டின மனிசன் கட்டாரில் வேலையில், மாமி படுக்கையில், காலையில் எழும்பும்போதே நாள் முடிந்துபோனது போல உடம்பு கிடக்கும். ஆனாலும் நீ வாசித்தால் என் காது உன் பக்கம்தான் இருந்தது. அதை உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

ரெஜினா அக்கா கேட்கிறாவா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியாது. மகன் ஜெறோம் பெரிய ரோட்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய் மூன்று வருடமாகியிருந்தது. செத்த வீட்டிலும் அவ அழவில்லை என்று தன்னாமுனை ஊர் முழுக்கக் கதைத்தார்கள். எங்களிடம் வேலைக்கு வந்த பிறகும் குனிந்த தலையோடு ஊசியும் நூலும்தான். நாங்களும் அவவுக்கு முன்னால் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்க மாட்டோம்.

கடைசி அத்தியாயம் வாசித்த நாள் நல்ல மழை. கரண்டும் இல்லை, மெஷின்கள் நின்றுபோயிருந்தன. நீ வாசலடியில் வெளிச்சத்துக்கு இருந்தாய். பெடியனுக்கு மூச்சு வாங்குகிறது, டொக்டர் ஓடி வருகிறார் என்ற இடத்தில் உன் குரல் தடக்கியது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாய். பிறகு திரும்பவும் வாசித்தாய். சித்தப்பா ஒருவர் சிறுநீரகம் கொடுக்கிறார், பெடியன் பிழைக்கிறான், அடுத்த வருடம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள்.

சுபைதா கைதட்டிவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்! நான் நேந்து கொண்டிருந்தன் அக்கா" என்றாள். அடுத்த நாள் அவன் பிழைத்ததற்காக இனிப்புக் கடையில் ஒரு பெட்டி மஸ்கட் வாங்கி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். "அவ்வளவும் அழவெச்சுப் போட்டு இப்பிடி முடிக்கிறதா, சப்பை முடிவு" என்றேன் நான். ரெஜினா அக்கா குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளேயே வீட்டுக்குப் போய்விட்டா.

மறுநாள் நாங்கள் மஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவ வந்தா. உட்காரவில்லை. உனக்கு முன்னால் வந்து நின்றா.

"புள்ள, நேத்து கடைசியா வாசிக்கக்குள்ள நீ ஒரு பக்கமும் பெரட்டல்ல."

நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

"நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன். அரை மணித்தியாலமா ஒரே பக்கம். அந்தப் புத்தகத்துல என்ன கிடக்கு? அவன் செத்திற்றானா?"

"ஓம் அக்கா."

"அப்ப எனக்காகவா மாத்தின?"

"நான் யோசிச்சுச் செய்யல்ல அக்கா" என்றாய். "உங்கட முகத்தப் பாத்தன். செத்திற்றான் எண்டு வாய்க்குள்ள வரல்ல. பிழைச்சிற்றான் எண்டு வந்திற்று."

அவ கோபப்படுவா என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால்கூட நல்லது. கதிரையில் மெல்ல இருந்துகொண்டு, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

"எண்ட புள்ள போன நாள்ல இருந்து எல்லாரும் எனக்கிட்ட மாத்தித்தான் கதைக்கிறாங்க. அவன்ட பேரச் சொல்றாங்க இல்ல. நான் வந்தா கதைய நிப்பாட்டுறாங்க. நீங்களும் அப்பிடித்தான், எனக்குத் தெரியாதா? இந்தப் புத்தகத்துலயாச்சும் ஒருத்தன் சாவான், நானும் சேந்து அழுவன் எண்டு ஒவ்வொரு நாளும் வந்திருந்தன். அதையும் பறிச்சிற்றியே புள்ள."

நீ கையிலிருந்த மஸ்கட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாய்.

"புத்தகத்த எடு" என்றா. "உள்ளபடி வாசி."

சுபைதா எழும்பிவிட்டாள். "பிழைச்ச புள்ளய என்னத்துக்குச் சாகடிக்கிறீங்க? நான் கேக்க மாட்டன்" என்று வெளியே போய், பஸ் நிறுத்தத்தில் நின்றாள். நான் கதவைச் சாத்தினேன். நீ வாசித்தாய். பெடியன் இறந்துபோகிறான். ஏ.எல். சோதனை மறுமொழி வந்த அன்றைக்கு அவள் தனியே ரியூசன் வகுப்புக்குப் போய், அவன் இருந்த வாங்கில் குந்தியிருக்கிறாள். அவ்வளவுதான். புத்தகத்தில் எட்டோ பத்தோ வரிதான் இருந்திருக்கும்.

ரெஜினா அக்கா அழுதா. முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது, மனிதர் அழுகிற சத்தம் என்றே எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் தண்ணீர் எடுக்க எழும்பினேன். நீ என் கையைப் பிடித்து இருத்திவிட்டாய். வெளியே நின்ற சுபைதாவும் உள்ளே வந்து, நிலத்தில் குந்தி அவவின் காலைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

முகத்தைத் துடைத்தபிறகு ரெஜினா அக்கா கேட்ட கேள்வியை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"தாய் எங்க?"

"எந்தத் தாய் அக்கா?"

"அவன்ட தாய். இவ்வளவு நாளும் வாசிச்ச. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெட்டை போறாள், வாறாள். தாய் எங்க போனவள்? சோறு கொண்டு போனது ஆர்?"

நீ முன்னுக்குப் பக்கங்களைத் திருப்பித் தேடினாய். ஓரிடத்தில் தாய் கதவைத் திறந்தாள் என்று கிடந்தது. வேறில்லை. "எழுதினவர் மறந்திற்றார் போல" என்றாய்.

"மறந்ததில்ல" என்றா. "அந்த வயசுப் புள்ளைகளுக்குத் தாய் கண்ணுல படாது. எனக்கும் அந்தப் பெட்டை கண்ணுல படல்ல. படாத மாதிரி இருந்திற்றன்."

அன்றைக்குத்தான் சொன்னா. செத்த வீட்டன்று கேற்றடியில் வெள்ளைச் சீருடையோடு ஒரு பெட்டை நின்றாளாம். மகனின் போனில் பார்த்த முகம். களுதாவளைப் பிள்ளை, பெயர் தர்சிகா. வேதக்காரப் பெட்டை இல்லை, சைவப் பிள்ளை என்பதால் மகனோடு அதற்கு முந்தின கிழமைதான் சண்டை பிடித்திருக்கிறா. அவள் உள்ளே வரப் பார்த்த நேரம் இவ முகத்தைத் திருப்பிக்கொண்டா. திரும்பிப் பார்த்தபோது பிள்ளை இல்லை.

"மூணு வருசமாப் போச்சு. அவளப் பாக்கோணும்" என்றா. என் முகத்தைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தா.

அடுத்த ஞாயிறு அக்கா, நீ, நான் மூன்று பேருமாகப் போனோம். டவுனில் இறங்கி, கல்முனை பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டி. அக்கா வாவியைப் பார்த்தபடி வந்தா. எனக்கு நித்திரை தூங்கியது. நீதான் என்னை இடித்து இடித்து எழுப்பினாய்.

களுதாவளையில் விசாரித்ததும், தர்சிகா பாலர் பாடசாலையில் படிப்பிப்பதாகச் சொல்லி வீட்டைக் காட்டினார்கள். வீட்டுக்கு வெளியே அவளுடைய தாய் எங்களைக் கண்டதும் பயந்துபோனா. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பா. பிள்ளை வாசலுக்கு வந்து ரெஜினா அக்காவைப் பார்த்தாள். அறிமுகம் தேவைப்படவில்லை.

"அன்ரி" என்றாள்.

"மகள், அண்டைக்கு நீ வந்தநீ. நான் முகத்தத் திருப்பினன்."

"நீங்க என்னப் பாத்த எண்டே எனக்குத் தெரியா அன்ரி. பெட்டியப் பாத்ததும் ஏலாமப் போயித்து. நான்தான் ஓடி வந்தன்."

மூன்று வருடம் அக்கா சுமந்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. நீ என் கையைக் கிள்ளினாய். வலித்தது.

உள்ளே பிளேன்ரீ தந்தார்கள். நீதான் அந்த நாவலைப் பற்றிக் கேட்டாய். "எல்லாரும் வாசி வாசி எண்டாங்க அன்ரி. பத்துப் பக்கத்தோட மூடி வெச்சிற்றன்" என்றாள் தர்சிகா. பிறகு ரெஜினா அக்கா மெல்லக் கேட்டா.

"அவன் உன்னோட என்ன கதைப்பான் மகள்?"

பிள்ளை யோசித்தாள். பிறகு சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்.

"சாப்பாட்டப் பத்தித்தான் அன்ரி. அம்மா கூடக் கட்டித் தாறா, தின்னு எண்டு தருவான். உங்கட மீன் பொரியல் அரைவாசியும் நான்தான் தின்னிருக்கன்."

ரெஜினா அக்கா அந்தப் பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தா. நானும் அங்கேதான் அழுதேன் மச்சாள். புத்தகத்துக்கு வராத அழுகை ஒரு மீன் பொரியலுக்கு வந்தது. நீ பார்த்துவிட்டு வேண்டுமென்றே யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

தர்சிகாவுக்கு இப்போது கலியாணம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ரெஜினா அக்காவிடம் வந்து போகிறாள். சுபைதா இன்றைக்கும் நீ சொன்னதுதான் சரியான முடிவு என்கிறாள். "துக்கம் வேணுமெண்டா வீட்டுலேயே இரிக்கி, காசு குடுத்து வாங்கோணுமா?" என்று கேட்கிறாள். அவளிடம் மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. ரெஜினா அக்காவோ அந்தப் புத்தகத்தை உன் தம்பி மகளிடம் கேட்டு வாங்கி, தானே இரண்டு தரம் வாசித்துவிட்டா.

போன மாரியில் உன் சீனி வருத்தம் காலில் ஏறியது. பிறகு சிறுநீரகத்தில். அந்த வார்த்தையை டொக்டர் சொன்னபோது இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒருநாள் வார்ட்டில் உனக்கு ஏதாவது வாசித்துக் காட்டுவோம் என்று ஒரு சஞ்சிகை கொண்டுவந்தேன். "அளவு சொல்ற மாதிரி வாசிக்கிறாய், நிப்பாட்டு" என்று சிரித்தாய். சிரிப்பு நின்றதும் கேட்டாய். "நான் பிழைக்க மாட்டன், என்ன?"

பிழைப்பாய் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் கண் என் முகத்திலேயே இருந்தது.

"கஷ்டமாம் மச்சாள்" என்றேன்.

நீ மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தாய். பிறகு, "அப்ப அந்தப் பச்சைச் சீலைக்கு ஒரு சட்டை தைச்சு வை. பழசு கைக்குள்ள ஏறாது" என்றாய். உன் கை அவ்வளவு வீங்கியிருந்தது. பையில் கிடந்த அளவு நாடாவை எடுத்தேன். உன்னைத் தூக்கி, முதுகுக்குக் கீழால் நாடாவை விட்டு, பிறகு கையைச் சுற்றி, மெல்ல மெல்ல அளந்தேன். நேர்ஸ் பிள்ளை பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனாள். "இறுக்கிப் போடாத. எனக்கு இறுக்கம் புடியாது" என்றாய். இறுக்கிப் போடவில்லை மச்சாள். அந்தச் சட்டையோடுதான் உன்னை அனுப்பினோம்.

களைத்துத்தான் போயிருக்கிறேன். மாமியும் போய்விட்டா, மனிசன் இன்னும் கட்டாரில். காலையில் கடையைத் திறக்கிறேன், துணியை விரிக்கிறேன். யாருடைய சட்டையாக இருந்தாலும், கைத்துணி வெட்டப் போகும்போது என் விரல் தன் பாட்டில் உன் வீங்கின கையின் அளவுக்குப் போய்விடுகிறது. பிறகு சோக்கட்டிக் கோட்டைத் தட்டி அழித்துவிட்டு, உள்ளுக்கு இன்னொரு கோடு போடுகிறேன்.