பெரிய வெள்ளியில் மான் வேட்டை

11 பெப்ரவரி 2007, ஞாயிறு இரவு

மரண அறிவித்தல்: எங்கள் வீட்டின் மாபெரும் மான் வேட்டைப் பயணம் இன்று மாலை, புட்டுக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் நடுவில் காலமானது.

அப்பாவும், துறைமுகத்தில் அவரோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்கார லூக்கும் ஒரு வருடமாகப் போட்ட திட்டம். நியூசிலாந்து மலையில் வேலியில்லாமல் திரியும் மான். எனக்கும் இடம் உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில்தான் கலைமான் கத்திக்கொண்டு வெளியே வருமாம்.

"அது பெரிய வெள்ளிக் கிழமையெல்லே? ஆண்டவர் சிலுவையிலை தொங்கேக்கை நீங்கள் துவக்கோடை நிப்பியளோ?" என்றார் அம்மா.

"லூக்கும் வேதக்காரன்தானேயப்பா" என்றார் அப்பா.

"அவன் கோயில் வாசலைக் கண்டு எத்தினை வருசம்?"

"மானும் அண்டைக்கு உபவாசம்தான் அம்மா, மெலிஞ்சிருக்கும்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா வரைபடத்தை மடித்துவிட்டு லூக்குக்குப் போன் எடுத்தார். பிரெஞ்சில் இரண்டு வசனம்தான் கதைத்தார். பிறகு சாப்பிட வரவேயில்லை.

வகுப்பில் கொம்போடு வருவேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். நாளைக்கு அம்மாவில் பழியைப் போடலாம். ஆனால் காலைப் பூசை முடிந்து வரும்போது, பயணமும் பெரிய வெள்ளியும் ஒரே கிழமை என்று அம்மாவின் காதில் போட்டது நான்தான். லூக் காட்டிய வேட்டை வீடியோவில் மான் விழுந்ததும் நான் குளியலறைக்குள் ஓடிச் சத்தி எடுத்தேன். அதை அப்பாவிடம் சொல்ல வெட்கம்; அம்மாவிடம் பெரிய வெள்ளியைச் சொல்வது லேசாக இருந்தது.