சத்தமில்லாமல் பார்த்த எடை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஜெயித்தது நான்தான். குறைமாதக் குழந்தைகள் வீட்டில் எப்படித் தேறுகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. மாதனூர் சுமதியின் மகனுக்கு இன்று கடைசி எடை. விட்டால் இதுவரை பார்த்ததெல்லாம் வீண். சுமதியோ வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"போன வாட்டி இன்னா கத்து கத்தினீங்க! தெருவுக்கே கேட்டுச்சு. அன்னிக்கே புள்ளைக்கு ஜுரம். கண்ணு பட்டுடுச்சு."

ஒருவர் எடையைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். கூட வந்த கலா அக்கா பையைத் தூக்கிவிட்டார். "வாடி, போலாம்."

"இருங்கக்கா. நீங்க பார்த்து உங்க தாள்ல எழுதுங்க, நான் என் தாள்ல எழுதறேன். யாரும் வாயத் தெறக்க வேணாம்."

சுமதி யோசித்தாள். "அப்டின்னா சரி."

இரண்டு தாளிலும் ஒரே எண். பயல் நன்றாகத் தேறியிருக்கிறான்!

ஆய்வை நடத்தும் டாக்டரிடம் போனில் சொன்னோம். "இதான் நல்ல முறை. ஒருத்தர் தப்பா படிச்சா இன்னொருத்தர் தாள் காட்டிக்குடுத்துடும். இனிமே எல்லா வீட்லயும் இப்படியே பண்ணுங்க. யார் யோசனை?"

"நர்சிங் படிப்பப் பாதில விட்டுட்டு வந்துச்சே சார், அந்த வாயாடிதான்" என்றார் அக்கா.

வாயை மூடிக்கொண்டு ஜெயித்தேன் என்றால் அம்மா நம்பவே மாட்டாள்.