தேவகி பிறந்ததற்கு ஒரு சாட்சி

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

ஏரித் தண்ணீர் கோவில்பதாகைத் தெருவுக்குள் வந்த வருஷம், மழை விட்ட மூன்றாம் நாள், என் பேத்தி தேவகி வீட்டிலேயே பிறந்தாள். யாரும் பதியவில்லை. பள்ளியில் சேர்த்தபோது தலைக்கு மேலாகக் கையைப் போட்டுக் காதைத் தொட்டாள். வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

இப்போது அவள் பள்ளியிலிருந்து எட்டுப் பிள்ளைகள் ரஷ்யாவுக்குப் போகிறார்கள், காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்கப் பழக. பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அவள் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

இன்று பிறப்புப் பதிவு ஆபீசில் ரஷ்யா விஷயம், அவள் பிறந்த நாள், நட்சத்திரம் எல்லாம் சொன்னேன். குமாஸ்தா கேட்கவில்லை.

"பெரியவரே, நீங்க சொன்னா போதாது. பொறந்தப்ப கூட இருந்த வெளியாள் ஒர்த்தரைச் சாட்சிக்கு இட்டுக்கினு வாங்க."

"பனியில வயுக்கி வுயறதுக்கு இம்மாங் காயிதமா நைனா?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சான்று தரவில்லை.

அன்று உதவிக்கு இருந்தவர்கள் மூன்று பேர். மருத்துவச்சி இறந்துவிட்டாள். விளக்குப் பிடித்த என் மனைவியும் இல்லை. வெந்நீர் வைத்த பக்கத்து வீட்டுக்காரி இப்போது அயனம்பாக்கத்தில் இருக்கிறாள். சுவர்த் தகராறில் அவளைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் நான். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

"அவங்க வருவாங்களா மாமா?" என்று மருமகள் கேட்கிறாள்.

எழுதும்மா. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போவேன். தப்பு என்னுடையது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கதவைச் சாத்தினால் திறக்கும்வரை வாசலில் உட்காருவேன். அந்த மூவரில் உயிரோடு இருப்பவள் அந்தக் கன்னியம்மா ஒருத்திதான்.