கூகைக்கல் ஆடிக்கு அனுப்பாத முளை

நலம் நிலைபெறுக.

ஞாயிறு முதலில் தொடும் ஏழு குன்றுகளையும் வற்றாத இரண்டு ஆறுகளையும் உடைய நீலவரை நாட்டின் தலைமை அமைச்சரும், சொன்ன சொல்லைச் சொன்னபடி காப்பவர் என இரு நாட்டாரும் அறிந்தவருமாகிய பெருஞ்சேந்தனார் திருமுன்னர்க்கு, செம்பொறை நாட்டு அரசி மணிநங்கையார் ஆட்சியாண்டு பதினான்கில், ஒளித்தூது நாயகம் அழிசி நெடுங்கீரன் வணங்கி விடுக்கும் ஓலை. உங்கள் மன்னர் நோயின்றி வாழ்க. உங்கள் களங்களில் நெல் மலிக. உங்கள் எல்லைக் காவலரின் கண் பழுதின்றி விளங்குக.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதில் இரண்டு வினாக்கள் இருந்தன. துறைமுகத்து வெண்கலக் கன்னார் ஆண்டுதோறும் புதிய ஒளியாடி கொண்டுவந்து இறக்குகின்றனர். இருபது காவல்மேடுகளுக்கு இவ்வாண்டே வாங்குவதா, அடுத்த ஆண்டு வருவது இதனினும் சிறந்தது என்கிறார்களே, அதற்குக் காத்திருப்பதா. ஒன்பது ஆண்டுகளாக ஒன்று விடாமல் வாங்கிய நெடுங்கீரனன்றோ இதை அறிவான் என்பது முதல் வினா. எயினி என்பாள் ஒருத்தி உங்கள் எல்லைக்கு வந்து காவல்மேட்டில் பணி கேட்கிறாள். ஒளிச்செய்தியைத் தவறாகப் படித்து மூன்று உயிர் போகக் காரணமானவள் என்று வணிகர் சொல்கின்றனர். அது மெய்யா என்பது இரண்டாம் வினா.

இரண்டுக்கும் விடை ஒன்றே. அதைச் சொல்லத்தான் இத்தனை ஏடுகள்.

குற்றம் உரைக்கும் ஓலையில் எழுதுவோன் தன்னை ‘யான்’ என்று குறிப்பது செம்பொறையில் வழக்கமன்று. பிறனொருவனின் செயலைக் கண்ட சான்றாளன் போலத் தன் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும். ‘யான்’ என்ற சொல் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளும் என்பது எங்கள் முன்னோர் அச்சம். ஆகவே இனி வருவன எல்லாம் நெடுங்கீரன் செய்தவை.

முதலில் ஆடி இயங்கும் வகையைச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினால் நெடுங்கீரனுக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்தருள்க. ஒளியாடி என்பது முறத்தளவு அகன்ற வெண்கலத் தட்டு. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து மெருகேற்றினால் ஞாயிற்றை வாங்கி இரண்டு காதத் தொலைவுக்கு எறியும். தட்டின் முன்னே மரச்சட்டங்கள் கோத்த கதவு ஒன்று உண்டு. அதன் கோலை இழுத்தால் சட்டங்கள் திரும்பி ஒளி வெளிப்படும், விட்டால் மூடும். இந்தக் கதவு முழுவதும் விரலளவான ஒரு முளையின்மேல் நின்று சுழல்கிறது. முளை தேய்ந்தால் கதவு நொண்டும்.

ஒளிமொழியில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண். முதல் எண் மெய், இரண்டாவது உயிர். ‘கா’ என்று சொல்ல ஒரு மின்னல், சிறிது இடைவெளி, பின் இரண்டு மின்னல். இம்மொழியை வகுத்தவர்கள் ஓலை எழுதிப் பழகியவர்கள். எழுத்தாணி குத்தினால் ஏடு கிழியும் என்று ஓலையில் புள்ளி இடாமல் எழுதுவது தாங்களும் அறிந்ததே. எகர ஒகரங்கள் புள்ளி பெற்றால் குறில், பெறாவிட்டால் நெடில் என்ற வேறுபாடு அதனால் ஓலையில் மறைந்துபோகும். படிப்பவரே இடம் நோக்கித் தெளிவார். அதே வழக்கம் ஆடிக்கும் வந்தது. ‘எரி’ என்றாலும் ‘ஏரி’ என்றாலும் ஒரே மின்னல்தான்.

இதனால் இடர் வராதபடி எங்கள் காவலர் ஒரு வழக்கம் வைத்திருந்தனர். ஐயத்துக்கு இடமான சொல்லின் பின்னே ஒரு துணைச்சொல் அனுப்புவர். எரியாயின் புகை, ஏரியாயின் மடை. துணைச்சொல் வராவிட்டால் பெறுபவர் ‘துணை?’ என்று திருப்பிக் கேட்பார். மெதுவான வழக்கம்தான். ஆயினும் அறுபது ஆண்டு யாரும் தவறாகப் படித்ததில்லை.

இனிக் கன்னார் கதை. தைத் திங்களில் துறைமுகச் சந்தை கூடும். அங்கே கன்னார் தலைவன் காரி அந்துவன் பட்டுத் திரையை விலக்கி அவ்வாண்டின் ஆடியைக் காட்டுவான். மூன்றாம் ஆண்டில் ஆடியோடு பார்வைக்குழல் வந்தது. பக்கத்து வெளிச்சத்தை மறைத்துத் தொலைவின் மங்கிய ஒளியையும் அது காட்டும். அது நல்ல பொருள். ஆறாம் ஆண்டில் வந்த ஆடிக்கு ‘மயிற்கண்’ என்று பெயர். ஐந்தாம் ஆண்டின் ஆடிக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை நெடுங்கீரன் மூன்று நாள் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தான்: கைப்பிடி முன்பு கொம்பு, இப்போது சங்கு. அதையும் வாங்கினான். சென்ற ஆண்டு ஆடியைக் கையில் வைத்துக்கொண்டு அவையில் நிற்கக் கூசுகிறது என்று அரசியிடம் சொல்லி வாங்கினான். ஐயா, இவ்வாடியின் பெருமை அடுத்த தை வரையில்தான் என்று அந்துவனே ஒருமுறை சிரித்தான். நெடுங்கீரனும் உடன் சிரித்தான்.

புதிய ஆடிகள் கோட்டையிலும், அவையோர் சென்று காணும் பெருவழி மேடுகள் நான்கிலும் ஏறின. இறக்கப்பட்டவை கிடங்குக்குப் போயின. கடைக்கோடி மேடுகளுக்கு எதுவும் போகவில்லை. அவற்றுள் ஒன்று ஆலங்கரை ஊரின் ஏரிக்கருகே உள்ள கூகைக்கல். அங்கே இருந்தது நெடுங்கீரன் பணிக்கு வருமுன் ஏற்றிய ஆடி. அதைக் காத்தவள் எயினி; பதினாறு ஆண்டு அம்மேட்டில் இருந்தவள். கூகைக்கல் ஆடியில் முகம் பார்த்தால் ஞாயிறே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று அவையில் நகையாடுவார்கள்.

அவளுக்கு ஏன் அனுப்பவில்லை என்று தாங்கள் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் அனுப்ப எண்ணினான். ஒவ்வோர் ஆண்டும், அடுத்த தையில் இதனினும் நல்லது வருமே, இத்தனை ஆண்டு பொறுத்தவளுக்கு அதையே கொடுப்போம் என்று தள்ளிவைத்தான். கோட்டைக்கு வேண்டாதபோது வாங்கியதும், கூகைக்கல்லுக்கு வேண்டியபோது வாங்காததும் ஒரே மயக்கம்தான். வரப்போவதன்மேல் வைத்த கண், இருப்பதன்மேல் விழவில்லை.

எயினி புதிய ஆடி கேட்கவும் இல்லை. மூன்று முறை ஓலை அனுப்பினாள். முளை தேய்ந்து கதவு இறுகுகிறது. ஒரு முளையும், கிடங்கில் கிடக்கும் குழல்களில் ஒன்றும் அனுப்பினால் போதும் என்று முதல் இரண்டிலும் எழுதினாள். மூன்றாவதில், நாயக அண்ணன் கிடங்கில் ஆடிகளுக்குப் பெண் பார்த்து மணம் முடித்த பிறகாவது ஒரு முளைக்கு நேரம் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். நெடுங்கீரன் அதை உரக்கப் படித்துக்காட்ட, அவை முழுதும் சிரித்தது. முளை போகவில்லை.

எட்டாம் ஆண்டின் ஆடியில் அந்துவன் ஒரு புதுமை செய்திருந்தான். கதவை முழுதும் திறவாமல் பாதி திறந்தால் ஓர் அரைஒளி பிறக்கும். புள்ளிக்கு அந்த அரைஒளியை வைத்தால் குறிலும் நெடிலும் தனித்தனியே தெரியும். இதைக் கண்ட அன்று நெடுங்கீரனுக்கு உணவு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. ஓலையால் இயலாததை ஒளி செய்கிறதே என்று வியந்தான். இப்போது எழுதும்போதும் அந்த வியப்பு எழுகிறது. எழுவது குறித்து நாணுகிறான்.

அம்மகிழ்ச்சியில் எல்லா மேடுகளுக்கும் ஓர் ஆணை போக்கினான். அரைஒளி பெற்றது குறில், பெறாதது நெடில்; இனித் துணைச்சொல் வேண்டா; துணை கேட்டுத் திருப்பி மின்னிப் பொழுது கழிக்கவும் வேண்டா. ஆணை கூகைக்கல்லுக்கும் போயிற்று. அரைஒளியைக் காட்டும் குழல் போகவில்லை.

அவ்வாண்டு மாசி இறுதியில், ஆலங்கரைக்குப் பின்னுள்ள குன்றின் மறுசரிவில் காய்ந்த புல் தீப்பற்றியது. காற்று புகையை அப்புறமே இழுத்துச் சென்றதால் ஊருக்கும் கூகைக்கல்லுக்கும் எதுவும் தெரியவில்லை. மறுசரிவு மேட்டிலிருந்து கோட்டைக்குச் செய்தி வந்தது. நடுப்பகல். நெடுங்கீரனே கோலைப் பிடித்து, கூகைக்கல்லை நோக்கி, ‘எரி. மக்களை அகற்றுக’ என்று மின்னினான். முதல் எழுத்துக்கு அழகாக அரைஒளியும் இட்டான். கோடைத் தூசியில் அது பாதி வழியில் கரைந்தது. குழலில்லாத கண்ணுக்கு முழு ஒளி மட்டுமே சென்றது.

பின்மழை பெய்து ஏரி நிறைந்திருந்த ஆண்டு அது. கரையில் கசிவும் இருந்தது. எயினி ‘ஏரி’ என்று படித்தாள். ஆணையின்படி அதுவே சரியான படிப்பு. ஆயினும் பதினாறு ஆண்டுப் பழக்கம் அவளை விடவில்லை. இறுகிய கதவை இழுத்து, ‘துணை?’ என்று கேட்டாள்.

கோட்டைமேல் நின்ற நெடுங்கீரன் அதைத் தெளிவாகக் கண்டான். புகை என்று மின்ன ஐந்து மூச்சுக்கூட ஆகாது. பழங்கையின் சோம்பல் இன்னும் போகவில்லையே என்று அவனுக்குச் சினம் வந்தது. ‘ஆணையை நோக்குக’ என்று மின்னினான்.

அவள் ஆணையை நோக்கினாள். ஏரி உடைந்தால் மக்கள் எங்கே செல்வர்? மேட்டுக்குச் செல்வர். ஆலங்கரையார் நாற்பது குடியினர் முதியோரைத் தோளில் ஏற்றிக்கொண்டு குன்றேறினர். உச்சியை அடைந்தபோது எதிரே தீ வந்தது. எயினி ஓடிச் சென்று கூவிக் கூவிப் பெரும்பாலோரை இறக்கினாள். குயத்தி மாறியும், அவள் கணவன் ஓரியும், கண் தெரியாத கூத்தன் என்பவனும் இறங்கவில்லை.

அவை கூடி வினவியது. புதிய ஆடி சரியாகவே மின்னியது என்று நெடுங்கீரன் சொன்னான், அது மெய். காவல்மகள் எரியை ஏரி எனப் படித்தாள் என்றான், அதுவும் மெய். இரண்டு மெய்யை அடுக்கி ஒரு பொய் செய்தான். அவள் துணை கேட்டாளா என்று அரசி வினவியபோது, கேட்டதாகக் காவல் சுவடியில் இல்லை என்றான். வந்த மின்னல்களை எல்லாம் பதியும் அச்சுவடியிலிருந்து அந்நாளுக்குரிய ஏட்டை அவன் முந்திய நாளே கழற்றித் தன் பேழையில் வைத்திருந்தான். எயினி அவனைப் பார்த்தாள். தன் கதவுக்கோலை அவை நடுவே வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பின் வந்த தையில் ஒன்பதாம் ஆடியையும் நெடுங்கீரன் வாங்கினான். புதியது வந்தால் பழையதைப் பற்றிய பேச்சு ஓயும் என்று வாங்கினான். ஓய்ந்தது. அவனுக்குள் மட்டும் ஓயவில்லை. அவ்வாடியைத் துடைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தெரிவது தன் முகம் அன்று, ‘துணை?’ என்ற அந்த மின்னல்.

தங்கள் ஓலை வந்த அன்று, கழற்றிய ஏட்டை எடுத்துச் சென்று அரசியின் முன் வைத்தான். அவர் அதைப் படித்து முடித்தார். பின், எழுத்தரை வைத்து எழுதுவிக்காமல் நீலவரைக்கு அவனே தன் கையால் எழுத வேண்டும் என்றும், இவ்வோலையில் ஒரு புள்ளியும் விடுபடலாகாது என்றும், எழுதி முடித்ததும் நாயகப் பட்டத்தைக் கழற்றிவிட்டுக் கூகைக்கல்லுக்குப் போய்ப் பழைய ஆடியோடு காவல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். புள்ளி குத்தும் பழக்கம் இல்லாத கை. நான்கு ஏடுகள் கிழிந்தன, மீண்டும் எழுதினான். ஐந்தாவதும் கிழிந்தபோது அதை அப்படியே கோத்துவிட்டான். மூவர் பெயர் உள்ள ஏடு அது.

ஆகவே, அமைச்சர் பெருமானே, தங்கள் முதல் வினாவுக்கு விடை இது. புதியது வந்துவிட்டது என்பது ஆடியை மாற்றக் காரணமாகாது. அதனினும் புதியது வரும் என்பது மாற்றாதிருக்கவும் காரணமாகாது. கையிலுள்ள ஆடி சொல்ல வேண்டியதைச் சொல்கிறதா, காண வேண்டியதைக் காட்டுகிறதா என்று, அதைப் பிடித்திருப்பவரைக் கேளுங்கள். விற்பவனையும் கேட்க வேண்டா, நெடுங்கீரன் போன்று கருவியில் மயங்கியவனையும் கேட்க வேண்டா. முளையால் தீர்வதை முளையால் தீருங்கள். மாற்றியே ஆக வேண்டுமாயின் கடைக்கோடி மேட்டில் தொடங்கிக் கோட்டைக்கு வாருங்கள். கடைசி மேடும் மாறும்வரை பழைய வழக்கத்தில் ஒரு சொல்லையும் கைவிடாதீர்கள்.

இரண்டாம் வினாவுக்கு விடை: எயினி தவறாகப் படிக்கவில்லை. அவள் கேட்டாள், நெடுங்கீரன் மறுத்தான். அதற்குச் சான்றான ஏடு இவ்வோலையோடு கட்டப்பட்டுள்ளது. அதை அவள் கையிலேயே கொடுத்தருள்க. மூவர் சாவு நெடுங்கீரனைச் சேர்ந்தது. அவளை இங்கே திரும்பி வரச் சொல்ல அவனுக்கு முகமில்லை.

செம்பொறை அரசியின் ஆணையாவது: துணைச்சொல் எல்லா மேடுகளிலும் மீள்க. துணை கேட்பவரைக் கடிந்தோர் காவலுக்கு ஆகார். கிடங்கிலுள்ள ஆடிகளும் குழல்களும் கடைக்கோடி மேடுகளுக்கு இன்றே செல்க. எயினி பழியற்றவள் என்று ஆலங்கரையிலும் துறைமுகச் சந்தையிலும் பறையறைந்து சொல்லப்படுக.

அரசியின் அரக்கு முத்திரை வலப்புறம். ஒளித்தூது நாயகத்தின் முத்திரை இடப்புறம். அவன் இடுவது இதுவே இறுதி.

முத்திரை வைத்தபின், கூகைக்கல்லில் இருந்து எழுதியது: எயினியிடம் இதையும் சொல்லியருள்க. கூகைக்கல் முளை மாற்றப்பட்டது. புளியமரத்து வைரக்கட்டையில் நெடுங்கீரனே செதுக்கினான். அரைநாள் வேலைதான்.